தழும்பில்லாத கன்னம்

பைட்சியைப் பற்றிச் சொல்ல எகிப்துக்குத் தெற்கே இந்த வாவாத் நாட்டில் இன்று என்னை விட்டால் ஆள் கிடையாது. அவனோடு உளி பிடித்தவர்கள் எல்லாரும் வேலை முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே எகிப்தின் வாசெத் நகருக்குப் படகேறிவிட்டார்கள். நான் மட்டும் இங்கேயே பெண் கட்டிக்கொண்டு தங்கிவிட்டேன். என் பெயர் கென்னா. எகிப்தில் பிறந்தவன். சிற்பி இல்லை, சிற்பி செய்த தப்பை மூடுகிறவன். பாறையில் விரிசல் இருந்தாலும், உளி வழுக்கி ஒரு சாமிக்கு மூக்கு போய்விட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் சாந்து குழைத்து, அடைத்து, இழைத்துக் கொடுத்தால் மேலே வண்ணக்காரன் வந்து பூசிவிட்டுப் போவான். பார்க்க வருகிறவர்கள் சிற்பியைப் புகழ்வார்கள். சாந்து பூசியவன் யார் என்று ஒருவனும் கேட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

பைட்சி பிறந்தது இங்கேதான். மலை ஆற்றைத் தொடுகிற இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே, பேரீச்சந்தோப்புக்குள் இருக்கிற ஊர். அவனுக்குப் பால்பல் விழுகிற வயதில் எங்கள் படை வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போனது, ஆட்களையும் ஓட்டிக்கொண்டு போனது. படகில் ஏற்றிய பிள்ளைகளில் அவன் ஒருவன். வாசெத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அவனுக்குத் தெற்கத்தியான் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தார்கள் என்று சொல்வதே அதிகம். தெற்கேயிருந்து பிடித்து வந்த எவனுக்கும் அதுதான் பெயர். எங்கள் கூடத்தில் நொண்டித் தெற்கத்தியான் ஒருவன் இருந்தான், குண்டுத் தெற்கத்தியான் ஒருவன் இருந்தான். இவன் வெறும் தெற்கத்தியான். பெற்றவள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஞாபகம் இல்ல கென்னா" என்றான்.

எங்கள் ஆட்களுக்குப் பெயர் என்றால் உயிரில் பாதி. செத்த பிறகும் யாராவது பெயர் சொல்லி ஒரு ரொட்டி வைத்தால்தான் அங்கே நமக்குச் சாப்பாடு. இவனோ பெயரைத் தொலைத்ததைச் செருப்பைத் தொலைத்த மாதிரி சொன்னான்.

அவன் கைக்கு வாய்த்தது முகம். உடம்பை யார் வேண்டுமானாலும் செதுக்கலாம். சுவரில் சிவப்புக் கட்டம் போட்டு, தோள் எந்தக் கட்டத்தில், முழங்கால் எந்தக் கட்டத்தில் என்று வரைந்து தந்துவிடுவார்கள், கோட்டை விட்டு விலகாமல் உளியை ஓட்டினால் போதும். கண்ணுக்குக் கீழே எவ்வளவு எடுப்பது, உதட்டோரத்தில் எங்கே நிறுத்துவது என்பதற்குக் கட்டம் கிடையாது. ஆகவே மற்றவர்கள் கழுத்துவரை முடித்துவிட்டுத் தெற்கத்தியானைக் கூப்பிடுவார்கள். பச்சை வெங்காயத்தை மென்றுகொண்டே வருவான். எத்தனையோ தெய்வங்களுக்கு அந்த வெங்காய வாயோடுதான் முகம் கொடுத்தான். எனக்கும் அவனுக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. அவன் உளித்தூசு என் சாந்தில் விழும். நான் கத்துவேன். அவன் அடுத்த தடவையும் அங்கேயே நின்று தட்டுவான்.

அப்புறம் அரண்மனை உத்தரவு வந்தது. வாவாத்தில் ஆற்றைப் பார்த்து நிற்கும் மலையைக் குடைந்து ஒரு கோயில் வேண்டும். வாசலில் மலை உயரத்துக்கு அரசர் உட்கார்ந்திருக்க வேண்டும். படகில் போகிற தெற்கத்தி ஆட்கள் அண்ணாந்து பார்த்து அடங்கி ஒடுங்க வேண்டும். நாங்கள் கிளம்பினோம். பிடித்துக்கொண்டு போன ஊருக்கே அவனைத் திருப்பிக் கொண்டுவருகிறோம் என்பது படகில் யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

மலையைக் குடைவதும் செங்கல் அடுக்கிக் கட்டுவதும் ஒன்றல்ல. கட்டுகிறவன் சேர்த்துக்கொண்டே போகிறான். தப்பாக வைத்ததை எடுத்துவிட்டு வேறு வைப்பான். நாங்கள் எடுத்துக்கொண்டே போகிறவர்கள். எடுத்த கல்லைத் திருப்பி வைக்க முடியாது. தூண் வேண்டும் என்றால் தூணைக் கொண்டுவருவதில்லை, தூண் அல்லாததை எல்லாம் அகற்றுகிறோம். வேலையும் தலைகீழ். கூரை முதலில் முடியும், தரை கடைசியில்தான் வரும். வெளியே அரசரின் கிரீடம் முடிந்த பிறகுதான் அவர் நெற்றி, நெற்றி முடிந்த பிறகுதான் தாடி. உள்ளே போகப் போகத் தரை ஏறும், கூரை தாழும், வெளிச்சம் குறையும். கடைசி அறையில் தெய்வங்கள் சுவரோடு சுவராக உட்கார்ந்திருப்பார்கள், முதுகு மலையை விட்டுப் பிரிந்திருக்காது. அந்த மணற்கல்லும் லேசுப்பட்டதில்லை. நல்ல பாளம் என்று நம்பி இறங்கினால் நடுவில் ஒரு விரிசல் வாயைப் பிளக்கும். எனக்கு வேலை குறையவே இல்லை.

உள்ளே உருவங்களை மேடாக விட்டுச் சுற்றிலும் கல்லை எடுப்போம். விளக்கு வெளிச்சத்துக்கு அது போதும். வெளிச்சுவரில் அப்படிச் செய்தால் நண்பகல் வெயில் உருவத்தையே விழுங்கிவிடும். அங்கே கோட்டை ஆழமாக வெட்டி, உருவத்தைக் குழிக்குள் இறக்குவோம். வெயில் ஏற ஏற அந்தக் கோட்டில் நிழல் விழுந்து, உருவம் எழுந்து நிற்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது யாருக்கும் விளங்காது. செதுக்கியது நிலைக்கும். சுவரில் ரொட்டியைச் செதுக்கினால் அந்த ரொட்டி தீராது. ஒரு மனிதனைக் கட்டிப்போட்டுச் செதுக்கினால் அந்தக் கட்டு அவிழாது, அவன் செத்த பிறகும் அவிழாது. பூசாரி சொன்னதற்காகத் தலையாட்டுகிற விஷயம் இல்லை இது. எங்கள் பட எழுத்துகளுக்கு நடுவே பாம்பு வருகிற இடத்தில் அதை இரண்டு துண்டாகச் செதுக்குகிற சிற்பிகளோடு நான் வேலை செய்திருக்கிறேன். முழுதாக விட்டால் எழுந்து கடிக்கும் என்று பயம். நானும் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

கல் சுமக்கச் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து ஆட்களைப் பிடித்து வந்தார்கள். ஒருநாள் மேலிருந்து பார்க்கிறேன், கூடைக்காரர்கள் வரிசையில் ஒருவன் அப்படியே தெற்கத்தியான். அதே அகன்ற மூக்கு, அதே தடித்த கீழ் உதடு. வயது மட்டும் கூட. கன்னத்தில் இரண்டு பக்கமும் மூன்று மூன்று தடித்த தழும்பு, இந்த ஊர் ஆண்களுக்கு இருப்பது போல.

"டேய் தெற்கத்தியான், ஒன் மூஞ்சிய எவனோ திருடிக்கிட்டு கீழ கூடை தூக்குறாண்டா" என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

கீழே அந்த ஆளும் கூடையை இறக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தான். பிறகு சாப்பாட்டு வேளையில் எங்கள் பக்கம் வந்தான். எகிப்துப் பேச்சு அவனுக்குக் கொஞ்சம் கொச்சையாக வரும். பக்கத்தில் உட்காரவில்லை, கொஞ்சம் தள்ளி நின்றான். நின்றவன் மெதுவாக, "பைட்சி" என்றான்.

இவன் திரும்பினான். யாரும் சொல்லித் தந்து திரும்பியதில்லை அது. வாயில் வைத்த ரொட்டியை மெல்ல மறந்து, "அது... அது என்ன வார்த்தை?" என்று கேட்டான்.

"ஒன் பேருடா. நாந்தான் ஒன் அண்ணன், தெஹமு. படகு கிளம்பறப்ப ஆத்துல கழுத்தளவுக்கு எறங்கி ஓடி வந்தேன். எட்டல."

நான் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டேன். அன்று முழுவதும் அவன் ஒரு முகமும் செதுக்கவில்லை. மறுநாளிலிருந்து நான் அவனைப் பைட்சி என்று கூப்பிட ஆரம்பித்தேன். முதலில் மற்றவர்கள் கேலி செய்தார்கள். அப்புறம் அவர்கள் வாயிலும் அதுவே வந்தது.

அதற்குப் பிறகு இருந்த காலம் அவனுக்கு நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். தெஹமு தோப்பிலிருந்து பேரீச்சம்பழம் கொண்டுவருவான். இவன் தன் பங்கு பீரைக் கொடுப்பான். மறந்துபோன தாய்மொழியை அண்ணனிடம் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டான். தாய் எப்போதோ செத்திருந்தாள். அவளைப் பற்றி அண்ணன் பேசினால் இவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்பான்.

கெடுதல் மரத்தால் வந்தது. எங்களை மேற்பார்த்தவன் மின்மோசே. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். மேலிடத்துக்குப் பயந்தவன், பயத்தைக் கீழே இருக்கிறவன் தலையில் இறக்கி வைப்பவன். செதுக்கி முடித்த வாசல் சிலைகளுக்கு வண்ணம் பூசச் சாரம் கட்ட மரம் போதவில்லை. ஊர்த் தோப்பை வெட்டச் சொன்னான். வெட்டப் போன ஆட்களுக்கு முன்னால் தெஹமு ஒரு பேரீச்சையைக் கட்டிக்கொண்டு நின்றான். விலக்கினார்கள், விலகவில்லை. அடித்தார்கள். "இத நட்டது எங்கப்பன். ஒங்க ராசா நட்டாரா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி போய் மின்மோசேயின் காதில் விழுந்தது.

அப்போது வாசல் வேலை இறங்கி இறங்கி அடிப்பீடத்துக்கு வந்திருந்தது. அரசரின் காலடியில், பீடத்தின் பக்கச் சுவரில் கைதிகள் வரிசை வரும். வாசலுக்கு வடக்கே வடநாட்டுக் கைதிகள், தெற்கே தெற்கத்திக் கைதிகள். எல்லாரும் பக்கவாட்டில் முகம் காட்டி மண்டியிட்டு, முழங்கைகளைப் பின்னுக்கு இழுத்துக் கட்டி, ஒரே கயிறு கழுத்துக்குக் கழுத்து ஓடும். வழக்கமாக அந்த முகங்கள் யாருடையவையும் இல்லை. ஏதோ ஒரு முகத்தையே திரும்பத் திரும்பப் போடுவார்கள். மின்மோசே பைட்சியைக் கூப்பிட்டான்.

"தெற்கு வரிசையில மொத ஆளு அந்தத் தோப்புக்காரன். அவனே. பார்த்தவுடனே ஊரு கண்டுக்கணும். கயிறு விரல் ஆழத்துக்கு எறங்கணும், சாந்து கீந்து வேணாம்."

"ஐயா, அவரு என் கூடப்பொறந்தவரு."

"அதனாலதான் ஒன்கிட்ட சொல்றேன். ஒனக்குத் தெரிஞ்ச மாதிரி வேற எவனுக்கு அந்த மூஞ்சி தெரியும்? நீ மாட்டேன்னா சொல்லு, வேற ஆளு செய்வான். நீயும் பக்கத்துல மண்டி போட்டுக்கோ."

மறுத்தால் வேறு ஒருவன் செதுக்குவான், அண்ணன் கட்டோடு நிலைத்துவிடுவான். செதுக்கினால் தன் கையாலேயே நிலைத்துவிடுவான். பைட்சிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தெஹமு அடிபட்ட முகத்தோடு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தான்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். அடிச்சாங்க, வாங்கிக்கிட்டேன். நாளைக்குக் கொன்னாலும் சரி. செத்த பெறகும் கையைக் கட்டிட்டு மண்டி போட்டு இருக்க முடியாதுடா. எவ்ளோ காலம்? அதுக்கு முடிவே இல்லியே."

"நான் பாத்துக்கறேண்ணா."

"என்னத்தப் பாத்துக்குவ? செதுக்காம விட்ருவியா?"

"செதுக்குவேன். நீ கட்டுல இருக்க மாட்ட. அவ்ளோதான் கேக்கணும், அதுக்கு மேல கேக்காத."

தெஹமுவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

அண்ணனைச் சுவருக்கு எதிரே மண்டியிட வைத்து, காவலாளி ஒருவன் தோளில் கோல் வைத்து நின்றான். பைட்சி சிவப்பு மையால் வரைந்தான். கழுத்தையும் கயிற்றையும் முதலில் வெட்டினான், மின்மோசே சொன்ன ஆழத்துக்கு வெட்டினான். ஒரு இடத்திலும் ஏய்க்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்து மனசுக்குள் திட்டினேன், இவ்வளவு சுத்தமாகச் செய்யவேண்டுமா பாவி என்று. முகத்துக்கு வந்ததும், "போதும்ணா, நீ எழுந்து போ, எனக்கு மனப்பாடம்" என்று அனுப்பிவிட்டான். அதற்கப்புறம் தனியாகத்தான் செய்தான். இடது கையால் தன் முகத்தைத் தடவுவான், வலது கையால் தட்டுவான். வேர்வையைத் துடைக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

முடிந்த அன்று மின்மோசே வந்தான். தெஹமுவைக் கொண்டுவந்து சுவர் முகத்துக்குப் பக்கத்தில் அவன் முகத்தை நிறுத்தினார்கள். மூக்கு, உதடு, தாடை எல்லாம் ஒன்றுதான். மின்மோசே திருப்தியாகத் தலையாட்டினான். பிறகு தலையாட்டல் நின்றது.

"தழும்பு எங்கடா?"

சுவரில் பக்கவாட்டு முகத்தில் தெரிந்த ஒரே கன்னம் வழவழவென்று இருந்தது. அந்தத் தழும்புகள் மேடானவை. மேடாக வரவேண்டியதை முதலிலேயே கல்லில் விட்டுவைக்க வேண்டும். கன்னத்தைச் சமமாக இழைத்துவிட்டால் தீர்ந்தது. முதல் வருஷம் உளி பிடிக்கிறவன்கூடச் செய்யாத தப்பு.

"மறந்துட்டேன் ஐயா" என்றான் பைட்சி.

பளார் என்று ஒன்று விழுந்தது. "மறந்துட்டியா? தழும்பு இல்லாம இது எவன் மூஞ்சி?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, சாந்துல போட்டுத் தரேன். மேல கறுப்பு பூசிட்டா கல்லுக்கும் சாந்துக்கும் வித்தியாசம் தெரியாது. நான் வச்ச சாந்து இதுவரைக்கும் விழுந்ததில்ல" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். மின்மோசே முறைத்துவிட்டு, "சீக்கிரம் முடி" என்று போய்விட்டான்.

சாந்து குழைத்துக்கொண்டு வந்து, கல்லை நனைக்கப் பானையில் கையை விட்டேன். பைட்சி என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நனைக்காத."

காய்ந்த கல்லில், அதுவும் உளித்தூசைத் துடைக்காமல் சாந்து வைத்தால் அது பிடிக்காது. பிடித்த மாதிரி இருக்கும். வெயிலும் பனியும் கொஞ்ச காலம் மாறி மாறி வந்தால் பொத்தென்று விழுந்துவிடும். என் தொழிலில் இதைவிடக் கேவலம் கிடையாது. ஆனால் அவன் எண்ணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்துக்கொண்டேன். தழும்பு விழுந்துவிட்டால் அது தெஹமு இல்லை. தழும்பு இல்லாத ஆள் இந்த ஊரில் ஏது?

"விழுந்த பெறகு அது யாருடா?" என்று கேட்டேன்.

"ஒரு தெற்கத்தியான்."

"எவனோ ஒருத்தன், அப்படித்தானே?" என்று சிரித்துவிட்டு, காய்ந்த கன்னத்தின் மேல் மூன்று கோடு சாந்து இழைத்தேன். கெட்ட வேலையை என் வாழ்நாளில் அவ்வளவு அழகாகச் செய்ததில்லை.

கோயில் முடிந்தது. பூசாரிகள் வந்து, உள்ளே இருந்த தெய்வங்களுக்கு உளி நுனியால் வாயைத் தொட்டு உயிர் கொடுத்தார்கள். காளைகள் வெட்டினார்கள். சிற்பிகளைத் திரும்பச் சொல்லி உத்தரவு வந்தது. பைட்சிக்கு அதற்குள் கல்தூசு நெஞ்சில் கட்டி இருமல் வந்திருந்தது. இங்கேயே விட்டுவிடச் சொல்லிக் கேட்டான். அரண்மனைச் சிற்பியை யார் விடுவார்கள்? படகில் ஏறும்போது அண்ணன் தோளைக் கட்டிக்கொண்டான், என் முதுகில் ஒன்று வைத்தான். "ஒன் சாந்துல தூசு விழாது இனிமே" என்றான்.

நான் கோயிலைப் பராமரிக்கிற ஆளாகத் தங்கினேன். அடுத்த வெள்ளம் வருமுன் வடக்கேயிருந்து வந்த படகுக்காரன் செய்தி சொன்னான். பைட்சி வாசெத் போய்ச் சேரவே இல்லை. வழியில் இருமலோடு ரத்தம் வந்து போய்விட்டான், கரையில் மணலைத் தோண்டி வைத்துவிட்டு வந்தார்களாம்.

"எந்தக் கரை?" என்று கேட்டேன்.

"ஒரு கரைதான். படகு நின்ன எடம்" என்றான்.

கல்லறை இல்லை, உருவம் இல்லை, பெயர் எழுதிய ஒரு ஓடுகூட இல்லை. எத்தனை தெய்வங்களுக்கு முகம் கொடுத்த கை! என் தகப்பன் செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

தெஹமு அந்தச் சுவர்ப் பக்கமே வருவதில்லை. தம்பி சொன்ன வார்த்தையை அவன் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். எப்படி நம்புவான்? ஊரே வந்து பார்த்துவிட்டு, "தெஹமு, ஒன்ன நல்லாத்தான் கட்டிப் போட்ருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனது. அவனுக்கு முழங்கை இரண்டும் மடங்காமல் போயிற்று. தூங்கி எழுந்தால் கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பான் என்று அவன் மனைவி சொன்னாள். சாவுக்குப் பயந்தவன் இல்லை, செத்த பிறகு வருவதற்குப் பயந்துகொண்டு வாழ்ந்தான். எனக்குச் சொல்ல வாய் துடிக்கும். சாந்து விழாமல் போய்விட்டால்? என் கை நல்ல கை, நனைக்காமல் வைத்தும் அது விழாமல் நின்று தொலைத்தது. ஒவ்வொரு வெள்ளமும் வடிந்த பிறகு போய்ப் பார்ப்பேன். தழும்பு மூன்றும் திமிராக நிற்கும். நல்ல வேலைக்காரனாகப் பிறந்ததற்காக நான் என்னையே நொந்துகொண்டது அந்த வருஷங்களில்தான்.

கடைசியில் ஒரு காலையில் போனபோது கீழே மணலில் கறுப்புச் சில்லுகள் கிடந்தன. கன்னம் சுத்தமாக இருந்தது. நான் முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. வயதை மறந்து தோப்புக்கு ஓடினேன்.

"அண்ணா, விழுந்துருச்சு! நீ இல்ல அது! நீ கட்டுல இல்ல!" என்று கத்தினேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன், மறந்ததாகச் சொன்ன பொய்யை, நனைக்காத கல்லை, எல்லாவற்றையும். தெஹமு கேட்டுவிட்டு எழுந்து என்னோடு வந்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சுவருக்கு முன்னால் நின்றான்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோடுகளில் நிழல் விழுந்து முகம் வெளியே வந்தது. அதே மூக்கு, அதே கீழ் உதடு, தழும்பில்லாத கன்னம். தெஹமு கிட்டே போனான். விரலால் அந்தக் கன்னத்தைத் தொட்டான்.

"இது நான் இல்லதான்" என்றான். "இது பைட்சி."

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு தெற்கத்தியான் என்று என்னிடமே சொன்னான். அவன் பெயராகவே அதைச் சொன்னான், நான் சிரித்தேன். முகம் வைத்தால் அது யாருடையதாவது இருந்தே ஆகவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அண்ணனை எடுத்துவிட்டுத் தன்னை வைத்தான். தன் கழுத்துக் கயிற்றைத் தானே விரல் ஆழத்துக்கு வெட்டினான்.

"எவன்டா இவனக் கேட்டான்?" தெஹமு என் பக்கம் திரும்பினான். "நான் கேட்டேனா? என்னை அவுத்து விடுன்னுதான கேட்டேன், ஒன்னக் கட்டிக்கோன்னா கேட்டேன்? கென்னா, எந்திரி. சாந்து கொழை. இந்தத் தடவ கல்ல நல்லா நனை. என் தழும்ப வை, நானே இருந்துக்கறேன். அவன் போகட்டும்."

"மாட்டேண்ணா."

"ஏன்?"

"அவன் என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான். அத என் கையால திருப்ப மாட்டேன். நீ அடிச்சாலும் சரி."

அவன் என்னை அடித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். கழுத்துக் கயிற்றையாவது சாந்தால் அடைக்க முடியுமா என்று கேட்டான். அடைக்கலாம், பூசாரி நாளைக்கே பார்த்துவிட்டு இன்னும் ஆழமாக வெட்டச் சொல்வான் என்றேன். கல்லில் எடுத்தது எடுத்ததுதான், ஆறுதலுக்காக அவனிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறகு மடங்காத அந்தக் கையை நீட்டினான்.

"ஒன் உளியக் குடு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அண்ணா, ஒடைச்சிறாத! கட்டோ கிட்டோ, அவனுக்கு இருக்கற ஒடம்பு இது ஒண்ணுதான். மூஞ்சி போச்சுன்னா அவனே போயிருவான்."

"ஒடைக்கல. எங்க ஊர்ல தழும்பு அண்ணன்தான் போடணும், தெரியுமில்ல? பேரச் சொல்லிப் போடணும். அப்பதான் ஆம்பள, அப்பதான் ஊர்க்காரன். இவன அதுக்கு முன்னாடியே தூக்கிட்டுப் போயிட்டீங்க. திரும்பி வந்தப்பவாவது போட்ருக்கணும். பெரிய சிற்பியாச்சேன்னு கூச்சப்பட்டுட்டேன்." மூக்கைப் புறங்கையால் துடைத்தான். "கட்டிப் போட்டவனாவே இருக்கட்டும். யாரோ தெற்கத்தியானா இருக்க வேணாம். எங்க வீட்டுப் பிள்ளையா இருக்கட்டும்."

விரிசலைச் சுரண்ட இடுப்பில் வைத்திருக்கும் உளியைக் கொடுத்தேன். கோயில் சுவரில் கை வைத்தால் என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். இருந்தும் பூசாரி வருகிறானா என்று பார்க்கப் பாதையில் போய் நின்றுகொண்டேன்.

அங்கிருந்து எனக்கு அவன் முதுகு தெரிந்தது. இடது கையைக் கல் தலையின் பிடரிப் பக்கம் வைத்து, சின்னப் பையன் திமிறாமல் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டான். கல் வேலை தெரியாதவன், தட்டாமல் உளியைக் கத்தி போல அழுத்தி இழுத்தான். முதல் கோடு கோணலாகப் போயிற்று. சில்லு தெறித்தபோது அவன் தோள்தான் சுருங்கியது.

"பைட்சி" என்றான். அடுத்த கோட்டுக்கு உளியை நகர்த்தினான். "பைட்சி. அழாதடா. இன்னும் ஒண்ணுதான் இருக்கு."